நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையும் நம் அடுப்படியும்

எங்கள் மத்ரஸாவின் காலை வகுப்புக்கு வரும் பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி சில மாதங்களாகத் தாமதமாகவே வந்துகொண்டிருந்தாள். காரணம் கேட்டேன். "உம்மாவுக்குக் காலையில விரல் மடங்காது உஸ்தாத். எல்லாருக்கும் தோசை ஊத்திக் கொடுத்துட்டு வர்றேன்" என்றாள். அவளுக்கு மூத்த சகோதரர்கள் இருவர் உண்டு. வாப்பா, பஜ்ர் ஜமாஅத்தின் முதல் ஸஃப்பில் நிற்பவர்.

அந்தத் தாயாருக்கு வந்திருப்பது முடக்குவாதம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. காலையில் விரல்கள் இறுகிவிடும். அவை தளர ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். நண்பகலில் ஓரளவு நடமாட முடியும். நேற்று செய்த வேலையை இன்று செய்ய இயலாமலும் போகும்.

இல்லறத்தில் விரிசல் விழுவது இந்த இடத்தில்தான். "மதியம் சிரித்துப் பேசியவளுக்குக் காலையில் மட்டும் என்ன நோய்?" என்ற ஐயம் கணவரின் மனத்தில் எழுகிறது. அந்தச் சொல்லுக்கு அஞ்சி, மனைவி வலியை மறைத்து வேலை செய்கிறார். மறுநாள் மூட்டுகள் வீங்கிப் படுக்கையில் விழுகிறார். கணவருக்கோ மருத்துவச் செலவும், யாரிடமும் சொல்ல இயலாத கவலையும். இருவருமே "சபர்" என்று சொல்லிக்கொண்டு பேசாதிருக்கின்றனர். பேசாதிருப்பது மட்டுமே சபர் ஆகிவிடாது.

மார்க்கம் நோயாளியை எவ்வாறு நடத்துகிறது? நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதுவும் இயலாதவர் படுத்துத் தொழலாம். நோன்பைப் பிற்படுத்தலாம், குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். தண்ணீர் தீங்கு தருமெனில் தயம்மும் போதும். படைத்தவன் தனக்குரிய கடமைகளிலேயே சலுகை அளித்திருக்கிறான். நாமோ அடுப்படியில் அளிக்க மறுக்கிறோம். நோன்பு நோற்காதிருக்க அனுமதி பெற்ற பெண், பிறருடைய நோன்புக்காக ஸஹர் நேரத்தில் எழுந்து சோறு ஆக்குகிறார். இதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது, உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நபிகளாரின் மகளுமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். மனைவியைக் கவனிப்பதற்காக உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தங்கச் செய்தார்கள் நபி (ஸல்) அவர்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவருக்கும் உண்டு என அறிவித்தார்கள். நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பத்ரு பாடம் நடத்துகிறேன். 313 என்ற எண்ணிக்கையை மனனம் செய்ய வைக்கிறேன். உஸ்மான் (ரலி) அவர்கள் பின்தங்கிய காரணத்தை மட்டும் ஒரே வரியில் கடந்துவிடுவேன். அந்தச் சிறுமியின் பதிலுக்குப் பிறகுதான் என் தவறு எனக்கு உறைத்தது.

அவளுடைய வாப்பாவைச் சந்தித்துப் பேசினேன். "மகள்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறாளே" என்றார். மகன்களைப் பற்றிக் கேட்டபோது, "ஆம்பிளைப் பிள்ளைகள் அடுப்படியில் நின்றால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்?" என்றார். தாயின் சுமையை ஒரு சிறுமியின் தோளுக்கு மாற்றுவது வேலைப் பகிர்வு ஆகாது. அவளுடைய கல்வி அதற்கு விலையாகிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த வீட்டைவிட நம் வீட்டு கௌரவம் உயர்ந்ததா?

கணவர் நோயுற்று டயாலிசிஸுக்குச் செல்லும் வீடுகளில் மனைவியே அனைத்தையும் சுமக்கிறார். அதை நாம் கடமை என்று கடந்துபோகிறோம். மனைவி நோயுற்றால் மட்டும், "இன்னொரு நிக்காஹ் செய்துகொள்" என்று ஆலோசனை சொல்ல உறவினர்கள் வந்துவிடுகிறார்கள்.

நோயுள்ள வீட்டில் கணவனும் மனைவியும் ஒரு மாலைப் பொழுதில் அமர்ந்து பேசட்டும். துணி பிழிதல், தேங்காய் துருவுதல், குடம் தூக்குதல், காலைச் சமையல் ஆகியவற்றை வாப்பாவும் மகன்களும் ஏற்கட்டும். அவருக்கு எந்த நேரம் இயலும், எந்த நேரம் இயலாது என்பதை அவர் வாயாலேயே கேட்டறியட்டும். கேட்டதை ஐயமின்றி நம்பட்டும்.

நம் இல்லங்களில் நோயுற்றிருப்போருக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களுடன் வாழ்வோருக்கு இரக்கமுள்ள இதயத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.