வண்டி இருக்கைக்குத் தென்னை நார்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இன்று மோட்டார் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2012-ல் டைம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. ஆனால் சுற்றுக் கிராமங்களில் விளையும் கத்தரியையும் வெண்டையையும் கீரையையும் சந்தைக்குச் சுமப்பது பெரும்பாலும் புது வண்டி அல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த பழைய பிக்கப் வண்டிதான்.

அந்த வண்டியின் எஞ்சினைக் கவனிக்கிறோம், டயரைக் கவனிக்கிறோம், தகுதிச் சான்று வாங்கும் நாள் வந்தால் வர்ணமும் அடிக்கிறோம். ஓட்டுபவர் உட்காரும் இருக்கையை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. ரெக்ஸின் கிழிந்தால் கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்து விடுகிறோம். இது சிறு விஷயம் அல்ல. உட்கார்ந்திருப்பவரின் உடல், விநாடிக்கு 4 முதல் 8 முறை வரை மேலும் கீழும் ஆடும் அதிர்வில்தான் அதிகமாகக் குலுங்குகிறது. பார வண்டியும் டிராக்டரும் கரடுமுரடான பாதையில் தரும் அதிர்வில் கணிசமான பகுதி இந்த அளவை ஒட்டியதே. ஸ்பிரிங் ஒடிந்து, ஸ்பாஞ்சு தட்டையாகிப் போன இருக்கை அதைத் தாங்காது. முதுகெலும்புதான் தாங்க வேண்டியிருக்கும். இடுப்புவலிக்குச் செலவிடும் பணத்தை இருக்கைக்குச் செலவிடுவது மேல்.

உழவர் வண்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பூச்சிமருந்து டப்பாவை இருக்கை மேலேயே வைத்துக் கொண்டு வருகிறோம். சிந்திய மருந்து, கிழிசல் வழியாக ஸ்பாஞ்சுக்குள் இறங்கினால் எளிதில் போகாது. பிறகு அதன் மேல்தான் வீட்டுக் குழந்தைகளும் உட்காருகிறார்கள். மருந்து ஊறிய ஸ்பாஞ்சைத் துவைத்துப் பயன்படுத்த நினைக்காமல் அகற்றி விடுவதே சரி.

இருக்கையைப் புதுப்பிப்பது பெரிய வித்தை அல்ல. குஷன் கடைக்காரரிடம் விடுமுன் சில விஷயங்களைச் சொல்லி வாங்க வேண்டும். பழைய உறையைக் கிழித்து எறியாமல் தையல் பிரித்து வைத்தால் அதுவே புது உறைக்கு அளவு. இரும்புச் சட்டத்தின் துருவைச் சுரண்டி, விட்டுப் போன இடத்தைப் பற்ற வைத்து, சிவப்பு ஆக்சைடு பூச வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். ஸ்பிரிங் மேல் கனமான சாக்குத் துணி, அதன் மேல் 2 அங்குல ரப்பர் நார்த் தகடு, அதற்கு மேல் ஓர் அங்குலம் கெட்டியான ஸ்பாஞ்சு, பிறகு உறை. இதற்கு மேல் உயரம் கூட்டக் கூடாது. கூட்டினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும், பிரேக் மிதியும் எட்டாது. சீட் பெல்ட் கொக்கியை உறைக்குள் புதைத்துத் தைப்பதும் தவறு.

முழுவதும் ஸ்பாஞ்சு போடலாமே, நார் எதற்கு என்று கேட்கலாம். ரப்பர் நார்த் தகடு என்பது சுருட்டிய தென்னை நாரில் ரப்பர் பாலைத் தெளித்து, வெப்பத்தில் வேக வைத்தது. அதனுள் காற்றுப் புகும். வெயில் நேரத்தில் வெந்து போகாது. குறையும் உண்டு. நனைந்தபடியே விட்டால் பூஞ்சை பிடிக்கும்; கொட்டகையில் நிற்கும் வண்டியில் எலி கூடு கட்டும்; பல ஆண்டு அமுங்கினால் தட்டையாகும். ஆனால் எலிக்கும் தட்டையாவதற்கும் ஸ்பாஞ்சும் விலக்கு அல்ல.

இது புது யோசனையும் அல்ல. ஜெர்மனியின் பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் கார் இருக்கையில் தென்னை நார் இருந்தது. 1990-களில் பிரேசில் நாட்டில் டைம்லர் நிறுவனம், பாரா மாநிலப் பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றோடு சேர்ந்து, அவ்வூர்ச் சிறு உழவர்களின் தென்னை நாரையும் ரப்பர் பாலையும் கொண்டு லாரி இருக்கைகளுக்குத் தலைத் தாங்கிகள் செய்வித்தது. அமெரிக்காவில் சோயா உழவர்களின் நிதியில் இயங்கும் வாரியம், இருக்கை ஸ்பாஞ்சில் சோயா எண்ணெயைச் சேர்க்கும் ஆராய்ச்சிக்குத் துணை நின்றது. 2008 மாடல் போர்டு மஸ்டாங் காரில் அது இடம் பெற்றது. அங்கே உழவர் அமைப்பு கேட்டது, ஆலை செவி சாய்த்தது.

இங்கே நிலைமை என்ன? பொள்ளாச்சி வட்டாரத்து நார் பெருமளவில் மூட்டை கட்டிச் சீனாவுக்குக் கப்பலேறுகிறது. வாங்குபவர் கை ஓங்கினால் நார் ஆலை திண்டாடுகிறது; மட்டை விலையும் விழுகிறது. நாரை நாராகவே விற்கும் வரை இந்தச் சங்கடம் தீராது. நாரும் நம் மாநிலத்தில் இருக்கிறது. கன்னியாகுமரியில் ரப்பரும் விளைகிறது. இருக்கை வேண்டிய ஆலைகளும் ஒரகடத்தில் நிற்கின்றன. இம்மூன்றையும் இணைக்கும் கைதான் இல்லை.

1953-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கயிறு வாரியம் இருக்கிறது. ஆலப்புழை அருகே கலவூரில் அதன் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஒரகடத்திலேயே மத்திய அரசின் மோட்டார் வாகனச் சோதனை மையம் உள்ளது. தென்னை உற்பத்தியாளர் அமைப்புகள் நார் இருக்கையைச் செய்து கொண்டுபோய், அதிர்வுக்கும் தீக்கும் அது எப்படித் தாங்குகிறது என்று சோதித்துக் காட்டும்படி கேட்க வேண்டும். தேறினால் ஆலைகளிடம் உரிமையோடு பேசலாம். தேறாவிட்டால் எங்கே குறை என்றாவது தெரியும்.

அதுவரை நம் கையில் இருப்பது நம் வண்டி. அடுத்த முறை இருக்கை கிழியும்போது சாக்கை மடித்துப் போடாமல், குஷன் கடையில் நார்த் தகடு வேண்டும் என்று கேட்டுப் போடுங்கள். கேட்பவர் பெருகினால் கடைக்காரரும் வாங்கி வைப்பார்.