சுரண்டிவிட்டுப் போடுங்கள்!

வாளையாறு தாண்டி பஸ் குலுங்கத் தொடங்கினால், தூங்கிக்கொண்டு வருகிறவருக்கும் கேரளா வந்துவிட்டது தெரியும் என்று கோவைக்காரர்கள் ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்வார்கள். இப்போது அதே ஆட்கள் பாலக்காட்டுப் பக்கம் போய்வந்து, ‘அங்கே கிராமத்து ரோடுகூட நன்றாக இருக்கிறதே, நமக்கு என்ன கேடு?’ என்று கேட்கிறார்கள். கேட்டால் நம் அதிகாரிகள் மழையைக் காட்டுகிறார்கள். நமக்கு ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டர் பெய்வதே பெரிது. கேரளத்தில் சுமார் 3,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. இனி தயவுசெய்து மழையின் மீது பழி போடாதீர்கள்.

சரக்கு மட்டமா என்றால் அதுவும் இல்லை. தென்காசியிலும் கன்னியாகுமரியிலும் உடைக்கும் ஜல்லிதான் புளியரை, களியக்காவிளை வழியாக லாரி லாரியாக அங்கே போகிறது. பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லியில் பூசி, அதன்மேல் தார் கலந்து சாலை போடலாம் என்று நாட்டுக்கே காட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். கல்லும் நம்முடையது, மூளையும் நம்முடையது.

போடுகிற விதத்தில்தான் கோளாறு. ஆலையில் தார்க்கலவை சுமார் 150 டிகிரி சூட்டில் லாரி ஏறுகிறது. தார்ப்பாய் மூடாமல் கொண்டுவந்து, ஆட்கள் வரும்வரை தெருமுனையில் நிறுத்திவைத்தால் ஆறிவிடும். ஆறிய கலவை மீது ரோலரை எத்தனை முறை ஓட்டினாலும் அது இறுகாது. உள்ளே தண்ணீர் இறங்கும், பஸ் சக்கரம் ஏறியதும் ஜல்லி பெயரும். பிறகு ஒட்டுப்போடும் வேலைக்கு இன்னொரு டெண்டர்.

இதைவிடப் பெரிய கொடுமை, பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதிய சாலையைப் போடுவது. எந்த ஊரிலும் பழைய தெரு ஒன்றில் நின்று பாருங்கள். மூன்று படி ஏறிப் போக வேண்டிய வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். மழை பெய்தால் தெருத்தண்ணீர் நேராக அடுப்படிக்கு வருகிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். அதற்கும் வசதியில்லாத முதியவர்கள் வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். வாங்கிய சம்பளத்தில் கடன் கட்டி, வரியும் கட்டுகிற மனிதனின் வீட்டை அரசாங்கமே பள்ளத்தில் தள்ளுவது என்ன நியாயம்?

உத்தரவு இல்லாமல் இல்லை. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்குத்தான் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுதினார். பெரிய சாலைகளில் மில்லிங் இயந்திரம் ஓடுகிறது. சந்துகளில் நடக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

கேரளம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 2025 மே மாதம் மலப்புரம் மாவட்டம் கூரியாட்டில் தேசிய நெடுஞ்சாலை 66 சரிந்து விழுந்ததைப் பார்த்தோம். ஆனால் அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒப்பந்ததாரர் யார், பொறியாளர் யார், அவர்கள் போன் நம்பர் என்ன, பழுதானால் எந்தத் தேதிவரை சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பதையெல்லாம் எழுதிச் சாலையோரம் பலகை வைக்கும் வழக்கத்தை அங்கே 2021-ல் கொண்டுவந்தார்கள். பள்ளத்தில் விழுந்து எழுகிறவர் யாரைக் கேட்பது என்று தேட வேண்டியதில்லை. பெயர் வெளியே தெரியும் என்றால் வேலை செய்கிறவருக்கும் கொஞ்சம் பயம் இருக்கும்.

நம் ஊர்ச் சந்துகளுக்கும் அந்தப் பலகை வேண்டும். அதில் இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறேன்: பழைய சாலையின் உயரம், புதிய சாலையின் உயரம். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் பில் பாஸ் ஆகக் கூடாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் இதற்கு ஓர் அரசாணை போட முடியாதா, அமைச்சர்களே?