பள்ளத்துத் தண்ணீருக்கு யார் கணக்கு வைப்பது?

கோவைக்கு மேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் 186 செங்கல் சூளைகள் 2021இல் மூடப்பட்டன. சூளைகளை மூட ஓர் உத்தரவு போதும். செம்மண் அள்ளிய குழிகளும், அவற்றால் தடம் மாறிய பள்ளங்களும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

தடாகத்தில் தோண்டியது மேல்மண்ணைத்தான். பூமிக்கு அடியில் சுரங்கம் வெட்டினால் நீருக்கு என்ன நேரும் என்று அறிய, கோலார் தங்கவயலைப் பார்க்க வேண்டும். அது நமக்கு அந்நிய மண் அல்ல. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் போன தலித் மக்களே அங்கே 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்தார்கள். அயோத்திதாசரின் தமிழ் பௌத்தம் வேரூன்றிய ஊரும் அதுதான்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு கழிவு மட்டும் 13 மேடுகளாக, சுமார் 3.3 கோடி டன், ஆயிரம் ஏக்கரில் நிற்கிறது. கோடையில் தூசியாகப் பறக்கிறது; மழையில் கரைந்து தாழ்விடம் தேடி இறங்குகிறது. அந்த மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மிஞ்சிய தங்கத்துக்குக் கணக்கு போட்டவர்கள், மேட்டடிக் குடியிருப்பின் தண்ணீருக்கும் அதே அக்கறையோடு கணக்கு வைக்க வேண்டாமா?

சுரங்கம் நீரைப் பல வழிகளில் தொடும். உள்ளே ஊறும் நீரை இரவுபகலாக இறைத்தால் சுற்றுக் கிணறுகள் இறங்கும். ஊற்றை நம்பிய ஓடை வற்றும். இறைத்த நீரை ஓடையில் விட்டால் உப்பும் வண்டலும் கூடும். கந்தகம் கலந்த பாறை காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வரும். மூடிய சுரங்கத்தில் நீர் நிறைந்து, வேறு எங்கோ வெளிப்படுவதும் உண்டு. இவையெல்லாம் தெரிய வருவதற்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே தோண்டுவதற்கு முன்பே அளந்து வைத்திருக்க வேண்டும். முந்தைய அளவு இல்லையென்றால், "இது முதலிலிருந்தே இப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள்.

முன் அளவு எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதை எடுக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பவர் சுரங்கம் கேட்டு விண்ணப்பித்தவர். ஒரே ஒரு பருவத்தின் அளவே போதும் என்பதும் வழக்கமாக இருக்கிறது. நம் பள்ளங்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஓடி, மாசியில் மணலாகிவிடுபவை. சித்திரையில் வந்து எதை அளப்பது? ஊருக்குத் தாழ, பள்ளத்தோரம் இருக்கும் நம் வளவுக் கிணற்றில் மாதிரி எடுக்கிறார்களா என்பதையும் நாம்தான் கேட்க வேண்டும். மேலே கலப்பதெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அது.

இதில் படிக்கும் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. சுரங்கமோ குவாரியோ வரப்போகும் இடத்துக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், நம் காலனிக் கிணறு என மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம், நிறம், அமிலத்தன்மை, உப்பின் அளவு ஆகியவற்றைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அமிலம் பார்க்கும் காகிதமும் உப்பு பார்க்கும் கருவியும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஆர்சனிக் போன்ற நஞ்சுகளை இவை காட்டாது. அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும். கனிமம் எடுப்பவர்கள் செலுத்தும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில் குடிநீருக்கும் சுற்றுச்சூழலுக்கும் முன்னுரிமை உண்டு. அந்தப் பணத்தில் ஆண்டுதோறும் சோதனை நடத்தக் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

1927 மார்ச் 20இல் அம்பேத்கர் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். அது தண்ணீரைத் தொடும் உரிமைக்கான போராட்டம். அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று அறியும் உரிமையும் அதைச் சேர்ந்ததே. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அன்று அந்த நோட்டோடு போங்கள். வளவுக் கிணற்றையும் சோதனைப் பட்டியலில் சேர்க்கத் தீர்மானம் கொடுங்கள். அது பதிவேட்டில் ஏறியதைப் பார்த்த பிறகு வீடு திரும்புங்கள்.