'ஸ்கூல்ல என்ன சொல்லிக் கொடுத்தாங்க?' 'ஒண்ணுமில்ல!': வகுப்பறையில் நடப்பது வீட்டுக்குத் தெரிய என்ன வழி?

"ஸ்கூல்ல இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "ஒண்ணுமில்ல". அது பொய் இல்லை. காலையிலிருந்து மாலை வரை நடந்ததைத் தொகுத்துச் சொல்வது அந்த வயதுக்குப் பெரிய வேலை. பக்கத்து பெஞ்ச் பையன் ரப்பரைத் தொலைத்தது ஞாபகம் இருக்கும். கழித்தல் கணக்கில் தான் எங்கே தடுமாறினோம் என்பது இருக்காது.

ஆக, வகுப்பறையில் நடக்கும் படிப்பைப் பற்றி வீட்டுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஆசிரியர்தான். ஆனால் இன்று பெற்றோரின் போனுக்கு என்ன வருகிறது? ஆண்டுவிழா போட்டோக்கள், ஃபீஸ் நினைவூட்டல், "மழை காரணமாக நாளை விடுமுறை", கரும்பலகையில் எழுதிய ஹோம்வொர்க்கின் மங்கலான படம். தகவலுக்குப் பஞ்சமே இல்லை. 'என் பிள்ளைக்கு வாசிக்க வருதா, வரலைன்னா எந்த இடத்துல சிக்குது' என்ற கேள்விக்கு மட்டும் அந்த வாட்ஸ்அப் குழுவில் எவ்வளவு தூரம் மேலே தள்ளிப் பார்த்தாலும் பதில் கிடைக்காது.

இது ஏதோ ஆசிரியர் மனசு வைத்துச் செய்யும் உபகாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 24-வது பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. நேரத்துக்கு வருவது, பாடத்தை முடிப்பது ஆகியவற்றோடு இன்னொன்றும் அதில் இருக்கிறது: பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். அதற்கு நேர் முன்னால் உள்ள உட்பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படும் குழந்தைக்குக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்கிறது. இரண்டும் அடுத்தடுத்து இருப்பது பொருத்தம். பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்தால்தானே வீட்டுக்குச் சொல்ல முடியும்?

'பி1' என்றால் என்ன?

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிந்தது. ரேங்க் போய் கிரேடு வந்தது. குழந்தைகளை வரிசையில் நிறுத்தும் பழக்கம் குறைந்த வரைக்கும் நல்லதுதான். ஆனால் அட்டையில் 'கணக்கு: பி1' என்று பார்க்கும் அப்பாவுக்கு அதிலிருந்து தெரிவது, 71-க்கும் 80-க்கும் நடுவில் ஏதோ ஒரு மதிப்பெண் என்பது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு அவர் இரவு எட்டு மணிக்கு என்ன செய்ய முடியும்? "இன்னும் நல்லா படிக்கணும்டா" என்று சொல்லலாம். டியூஷனில் சேர்க்கலாம். அவ்வளவுதான்.

இதையே வேறு மாதிரி சொல்லிப் பார்க்கலாம். 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால், இரண்டாம் வகுப்பில் பல குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று தோன்றும். உண்மையில் அந்தக் குழந்தை ஒரு விதியைப் பின்பற்றுகிறது: எப்போதும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி. 7-லிருந்து 2 போனால் 5, 4-லிருந்து 1 போனால் 3. விடை 35. அதே பிள்ளை 48-லிருந்து 17-ஐ அழகாகக் கழித்துவிடும், அங்கே இந்த விதி இடிக்காது என்பதால். பத்துக் கணக்கில் ஆறோ ஏழோ சரியாக வரும். அட்டையில் சுமாரான கிரேடு விழும். பத்துகள், ஒன்றுகள் என்ற அடிப்படையே இன்னும் பிடிபடவில்லை என்ற விஷயம் கிரேடுக்குள் ஒளிந்துகொள்ளும்.

இப்போது ஆசிரியரிடமிருந்து இப்படி ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்: "கடன் வாங்குற கழித்தல்ல இவனுக்குக் கொஞ்சம் குழப்பம் இருக்கு. கிளாஸ்ல பத்துப் பத்து குச்சியா கட்டு கட்டி செஞ்சு பார்க்குறோம். 42-ன்னா நாலு கட்டு, ரெண்டு தனிக் குச்சி. ஏழு குச்சி எடுக்கணும்னா ஒரு கட்டைப் பிரிக்கணும். வீட்ல தீக்குச்சி வச்சு தினம் ரெண்டு கணக்கு மட்டும் செஞ்சு பாருங்க. நோட்டுல எழுத வைக்க வேணாம்." இருபது நொடியில் படித்துவிடலாம். பெற்றோருக்கு என்ன பிரச்சினை, வகுப்பில் என்ன நடக்கிறது, வீட்டில் என்ன செய்வது, எதைச் செய்யக் கூடாது, நான்கும் கிடைத்துவிடுகிறது.

அந்த நான்காவது முக்கியம். வீட்டில் கணக்குச் சொல்லித்தரும் அப்பா அம்மாக்கள் தாங்கள் படித்த முறையில்தான் சொல்லித் தருவார்கள். "பக்கத்து வீட்டுல கடன் வாங்கு, நாலை அடிச்சு மூணு போடு" என்பார்கள். விடை சரியாக வந்துவிடும். மறுநாள் வகுப்பில் குச்சிக் கட்டைப் பிரிக்கச் சொன்னால் குழந்தை திருதிருவென முழிக்கும். எழுத்துகளிலும் இதே கதைதான். சில வகுப்புகளில் அ, ஆ என்ற வரிசையில் தொடங்காமல், ட, ப, ம என்று எழுதச் சுலபமான வடிவங்களில் தொடங்கி 'படம்', 'பட்டம்' என்று சீக்கிரமே வார்த்தைக்குப் போய்விடுவார்கள். இது தெரியாத பாட்டி, "மூணு மாசமாச்சு, பிள்ளைக்கு ஈ, ஊ கூடத் தெரியல, என்னத்த சொல்லித் தராங்க" என்று கவலைப்படுவார். பாட்டி மேல் தப்பு சொல்ல முடியாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஏன் 'அரும்பு'?

கொரோனா காலத்தில் விழுந்த இடைவெளியைச் சரிசெய்ய, 2022 ஜூனில் அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் போனது. இதில் பிள்ளைகளை வகுப்பைப் பார்த்து மட்டுமல்ல, நிலையைப் பார்த்தும் பிரிக்கிறார்கள்: அரும்பு, மொட்டு, மலர். அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்புக்கான நிலை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை அரும்பு நிலையில் இருக்கலாம். அதற்கு வாசிக்க வராத பாடத்தை வாசித்துக் காட்டுவதைவிட, அது நிற்கும் இடத்திலிருந்து கற்பிப்பது நியாயமான ஏற்பாடு.

பெற்றோருக்கு விளக்காவிட்டால் இதுவே காயமாகிவிடும். "மூணாவது படிக்கிற பொண்ணுக்கு ஒண்ணாவது புத்தகம் குடுத்திருக்காங்க" என்று தெருவில் பேச்சாகும். பிள்ளை ஏன் அந்த நிலையில் இருக்கிறது, அடுத்த நிலைக்குப் போக என்ன தெரிந்திருக்க வேண்டும், தோராயமாக எப்போது போகும் என்று மூன்று வாக்கியம் சொன்னால் அதே அம்மா கூட்டாளியாகிவிடுவார். பூவின் பெயர் வைத்தது அழகுதான், ஆனால் எந்த அம்மாவும் பெயரைக் கேட்டு ஏமாறுவதில்லை.

உண்மையைச் சொன்னால் அடி விழுமே?

ஆசிரியர்கள் பலர் வெளிப்படையாகப் பேசத் தயங்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது. "வாசிக்க வரல" என்று அப்பாவிடம் சொன்னால் அன்று இரவு பிள்ளைக்கு அடி விழும். பள்ளியில் அடிக்கக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடுக்கிறது. வீட்டுக்குள் போய் யார் தடுப்பது? அதனால் "நல்லா பண்றான், இன்னும் கொஞ்சம் கவனம் தேவை" என்று பூசி மெழுகி அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. ஆப்பிரிக்க நாடான மலாவியில் பொருளாதார ஆய்வாளர் ரெபேக்கா டிசன்-ராஸ் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. பிள்ளையின் படிப்பு நிலை பற்றிப் பெற்றோர் நினைத்திருந்ததும் உண்மையும் வெகு தூரத்தில் இருந்தன. தெளிவாகப் புரியும்படி தகவல் கொடுத்ததும், பிள்ளையின் நிலைக்குப் பொருத்தமான பயிற்சிப் புத்தகங்களைப் பெற்றோர் தேர்ந்தெடுத்தார்கள். இது நல்ல பாதி. மறுபாதி: நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பள்ளியில் தொடர்வது கூடியது, பின்தங்கிய பிள்ளைகள் தொடர்வது குறைந்தது. தகவல் பெற்றோரின் முடிவை மாற்றும். எந்தப் பக்கம் மாற்றும் என்பது, அதை எப்படிச் சொல்கிறோம், கூடவே என்ன வழி காட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

அதற்காக மறைப்பது தீர்வாகாது. 'வரல' என்று மட்டும் சொல்வதுதான் ஆபத்து. "எழுத்துக் கூட்டிப் படிக்கிறா, ரெண்டெழுத்து மூணெழுத்து வார்த்தை வந்துடுச்சு, பெரிய வார்த்தையில நிக்கிறா, கடைப் பெயர்ப் பலகை எல்லாம் படிக்கச் சொல்லுங்க" என்றால் திட்டுவதற்கு இடமே இருக்காது. இதை அந்தப் பெற்றோருக்கு மட்டும் சொல்ல வேண்டும். நாற்பது பேர் இருக்கும் குழுவில் மதிப்பெண் பட்டியலைப் படம் எடுத்துப் போடுவது, ரேங்க் முறையைக் கொல்லைப்புறமாகத் திரும்பக் கொண்டுவருவதுதான். அதைச் செய்யும் பள்ளிகள் இன்றைக்கே நிறுத்தலாம்.

ஆசிரியருக்கு நேரம் எங்கே?

நியாயமான கேள்வி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பதுதான் சட்டத்தின் கணக்கு. கிராமத்து ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கிறார்கள். கூடவே ஆன்லைன் பதிவுகள், தேர்தல் வேலை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தனியார் பள்ளி ஆசிரியைக்கு இரவு பத்தரைக்கு "மிஸ், நாளைக்கு என்ன கலர் டிரெஸ்?" என்று மெசேஜ் வரும்.

30 பிள்ளைகளின் பெற்றோரிடம் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினால் 150 நிமிடம். ஒரே நாளில் முடியாது. வாரத்துக்கு ஆறு பேர் என்று வைத்தால் அரை மணி நேரம், ஐந்து வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். மொத்த வகுப்புக்குமாக வெள்ளிக்கிழமை ஒரே ஒரு செய்தி: இந்த வாரம் என்ன படித்தோம், வீட்டில் என்ன ஒன்றைச் செய்யலாம். மற்ற நாட்களில் குழுவை அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிடலாம். ஆனால் இந்த அரை மணி நேரம் ஆசிரியரின் சொந்த நேரத்திலிருந்து போகக் கூடாது. தலைமையாசிரியர் அதை டைம்டேபிளில் போட்டுத் தர வேண்டும். போடாமல் "பெற்றோரோடு தொடர்பில் இருங்க" என்று சர்க்குலர் விடுவது யாருக்கும் உதவாது.

பெற்றோர் பக்கமும் ஒரு பழக்கம் மாற வேண்டும். கூட்டத்துக்குப் போனதும் "சேட்டை பண்றானா மிஸ்?" என்று தொடங்கி, "ஆமாங்க, ரொம்பப் பேசுறான்" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அதிலேயே போய்விடும். "போன தடவை வராத எது இப்ப வருது?" என்று கேட்டால் ஆசிரியரும் பிள்ளையின் நோட்டைத் திறந்தாக வேண்டியிருக்கும். லீவு போட்டு வந்ததற்கு அந்த நோட்டைப் பார்த்துவிட்டாவது போகலாம்.

லீவு போட முடியாதவர்கள்தான் இதில் அதிகம் விடுபடுகிறார்கள். வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால் கட்டட வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டில் இருப்பவருக்கும் அதே நிலைமைதான். அவர் வரவில்லை என்றால் 'அக்கறை இல்லாத பெற்றோர்' என்று ஒரு முத்திரை குத்தப்படும். படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தில் அனுப்பிய செய்தியால் பயன் இல்லை, ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் போதும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பம் என்றால் அவர்கள் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். பெரும்பாலும் அதே பள்ளியில் ஐந்தாவது படிக்கும் அக்காவோ அண்ணனோதான் இப்போது மொழிபெயர்க்கிறார்கள், தங்களைப் பற்றி மிஸ் சொல்வதையும் சேர்த்து.