பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில்

கார்ப் பைத்தியம் பிடித்தவர்களோடு சென்னை ரோட்டில் நடப்பது கொஞ்சம் சிரமம்தான். பேசிக்கொண்டே வருவார்கள், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். போவது ஆடியோ பென்ஸோ இல்லை, சாயம் வெளுத்த ஒரு மாருதி 800. "டேய், எஸ்எஸ்80டா, முதல் மாடல்!" என்று அவர்கள் குதிக்கும்போது கூட வருபவருக்கு ஒன்றும் புரியாது.

விலை உயர்ந்த காரைப் பார்ப்பதற்குப் பைத்தியம் தேவையில்லை, எல்லோரும்தான் பார்க்கிறார்கள். அசல் பைத்தியங்கள் தேடுவது வேறு. ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு நின்று, எப்போது காணாமல் போயின என்று யாருக்கும் நினைவில்லாத கார்கள்தான் அவர்களுக்கு வேண்டும். மயிலாப்பூர் சந்து ஒன்றில் உறை போட்டு நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மெக்கானிக் ஷெட் ஓரத்தில் காற்று இறங்கிய டயர்களோடு ஒரு பத்மினி, கல்யாண மண்டப வாசலில் ஒரு கான்டெசா. இதில் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க வேறு பேச்சு கிடையாது.

சென்னைக்காரர்களின் இந்தப் பைத்தியத்துக்குக் கூடுதலாக ஒரு நியாயமும் உண்டு. இவற்றில் பல அந்த ஊரிலேயே பிறந்தவை. ஹெரால்டை 1961 முதல் தயாரித்தது சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி. அதன் பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து மொத்த மூக்கும் முன்னால் சாயும். அதன் வழியில் வந்த நாலு கதவு கசெல் 1977 வரை ஓடியது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 உடம்பு, உள்ளே பழைய காலத்து 1991 சிசி என்ஜின். பார்க்க ஜோர், ஓட்டம் மட்டும் நொண்டி. 1988-ல் கடையைக் கட்டினார்கள். பத்து வருடம் கழித்து 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவும் திருவள்ளூரிலிருந்து லான்சரும் வந்தன. 1999-ல் மறைமலைநகரிலிருந்து ஐகான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கார்களெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு ரோட்டில் தெரியும்?

சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதற்கப்புறம் எஃப்சி காட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதையே 10,000 ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. பழைய காரை வைத்திருக்காதே, விற்றுத் தொலை என்பதுதான் இதன் அர்த்தம்.

இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. நல்ல விதிகள்தான். அசல் உருவம் மாறாத காருக்கு 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர், பத்து வருடப் பதிவு. தினமும் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் மாதிரி காரியங்களுக்கு வெளியே எடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை இடிக்கிறது. காருக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும்!

ஆக, சட்டத்தின் கண்ணில் 15 வயதில் கார் கிழவன், 50 வயதில் பொக்கிஷம். நடுவில் இருக்கும் 35 வருடம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800-க்கு 2033-ல்தான் 50 வயது. ஸ்டாண்டர்டு 2000-க்கு 2035, முதல் சான்ட்ரோவுக்கு 2048. முப்பது வயதில் ஒருவர் புதுக் கார் வாங்கினால், அது விண்டேஜ் ஆகும்போது அவருக்கு எண்பது. அதுவரை யார் காப்பாற்றுவது? மகாராஜாவின் ரோல்ஸ் ராய்ஸ் அரண்மனை ஷெட்டில் பத்திரமாக இருந்துவிடும். பி.எஃப். லோன் போட்டு ஒரு குமாஸ்தா வாங்கிய 800 புதுப்பேட்டைக்குப் போய் கதவு தனி, என்ஜின் தனியாகப் பிரிந்துவிடும். 28 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. குடும்பத்தோடு மழையில் நனையாமல் போகலாம் என்று பல லட்சம் பேருக்கு முதல்முறையாகக் காட்டிய கார். நாளைக்கு யாராவது இந்தியாவின் கார் கதையை எழுத உட்கார்ந்தால், ராஜாக்கள் எதில் போனார்கள் என்று காட்ட சாட்சி இருக்கும், ஜனங்கள் எதில் போனார்கள் என்பதற்கு இருக்காது.

"புகை விடும் ஓட்டை வண்டிக்கு இத்தனை வக்காலத்தா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். புதிய பெட்ரோல் கார்களில் கேடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானதே 1995-ல், அதுவும் முதலில் நான்கு பெருநகரங்களில் மட்டும். அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகள் தினமும் அண்ணா சாலையில் ஓடினால் கஷ்டம் எல்லோருடைய மூச்சுக்கும்தான். ஆனால் தினமும் ஓட்டவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வருடத்துக்குப் பத்து ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும் ஒரு ஹெரால்டு விடும் புகை, தினசரி டிராஃபிக்கில் நிற்கும் வண்டிகளின் புகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இதற்குப் புதுச் சட்டமும் தேவையில்லை. இருக்கிற விண்டேஜ் விதியில் 50 என்பதை 30 ஆக்கினால் போதும். ஓட்டும் கட்டுப்பாடுகள் அப்படியே இருக்கட்டும், புகைப் பரிசோதனையை வேண்டுமானால் இன்னும் இறுக்கட்டும். ஜெர்மனியில் 30 வயதான காரை அசல் நிலையில் வைத்திருந்தால் நம்பர் பிளேட்டின் கடைசியில் 'எச்' என்ற எழுத்து கிடைக்கும், 1997 முதல் இதுதான் வழக்கம். ஐரோப்பிய யூனியனின் 2014-ஆம் வருட வாகனப் பரிசோதனை விதிகளும் 'வரலாற்று வாகனம்' என்பதற்குக் குறைந்தது 30 வயது என்றே சொல்கின்றன. புகை விஷயத்தில் அவர்கள் ஒன்றும் இளகிய மனசுக்காரர்கள் இல்லை.

எல்லையை 30 ஆக்கினால் மிச்சமிருக்கும் ஸ்டாண்டர்டு 2000 எல்லாமே இன்றைக்கே உள்ளே வந்துவிடும். 1998-ல் வந்த முதல் சான்ட்ரோக்களுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. அவற்றில் நல்ல நிலையில் இருப்பவை இப்போதும் யாரோ ஒருவர் வீட்டு கேட்டுக்குள் நிற்கின்றன. அடுத்த எஃப்சி-க்குள் விற்பதா வைத்துக்கொள்வதா என்று அவர் யோசித்துக்கொண்டிருப்பார். வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு காரணத்தை அரசாங்கம் கொடுக்கலாம்.