தயவுசெய்து கைதட்டாதீர்கள்!

பிள்ளைகள் சொல்லும் கதைகளைக் கேட்டு எனக்குக் கோபம் வருவது அபூர்வம். இந்தத் தடவை வந்துவிட்டது. கோபம் பிள்ளைகள் மீதல்ல. அவர்களுக்குக் கைதட்ட மட்டும் கற்றுக் கொடுத்த பெரியவர்கள் மீது. அந்தப் பெரியவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நெய்வேலிப் பக்கம், கம்மாபுரத்தில், ஒரு வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குற்றம் ஒரு பள்ளியின் குற்றமில்லை. ஊருக்கு ஊர் நடப்பதுதான். ஒவ்வொரு பிள்ளையும் செல்போனில் எடுக்கப் போகும் மூன்று நிமிஷப் படத்தின் கதையை எழுந்து நின்று இரண்டே நிமிஷத்தில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒரு தாளில், நிறைகள் இரண்டு, ஆலோசனை ஒன்று என்று எழுதித் தர வேண்டும். கடைசியில் நாலு நல்ல வார்த்தை சொல்வது என் உத்தியோகம்.

ஒரு பையன் செவ்வாய்க் கிரகத்திலிருந்து இறங்கும் ரோபோவைப் பற்றிச் சொன்னான். கைதட்டல். இன்னொருவன், மரம் நட்ட சிறுவனுக்குக் கலெக்டர் மாலை போடுவதைச் சொன்னான். மேலும் பலத்த கைதட்டல். பிறகு ஒரு பெண் எழுந்தாள்.

"எங்க ஆயா கல்யாணமாகி வந்தப்ப எங்க கொல்லையில குழாய்ல தண்ணி தானாப் பொங்குமாம். மோட்டாரே கிடையாதாம். இப்ப அந்தக் குழாய்ல கொடி கட்டி ஆயா துணி காயப் போடுது. அவ்வளவுதான் சார் கதை."

இரண்டு நிமிஷம் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வகுப்பு ஒரு கணம் விழித்தது, வழக்கப்படி கைதட்டியது. தாள்கள் வந்தன. 'அருமை', 'சோகமாக இருக்கிறது, முடிவில் நம்பிக்கை வேண்டும்', 'பின்னணி இசை சேர்க்கலாம்' என்று எழுதியிருந்தது. நான் மட்டும் சும்மா இருந்தேனா? "கடைசியில் அந்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுவதாகக் காட்டு, அம்மா!" என்றேன். எனக்கும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அந்தத் தண்ணி எந்த வருஷம் நின்னுச்சு? சுரங்கத்தால நின்னுச்சா, நம்ம ஊர்ல ஆளாளுக்கு மோட்டார் போட்டதால நின்னுச்சா?"

"இது ஆலோசனை இல்லையே. நெகடிவாகப் பேசக் கூடாது. உட்கார்" என்றார் ஆசிரியர். அவர் நல்ல மனிதர். அவருக்குக் கொடுத்த தாளில் கேள்விக்குக் கட்டம் இல்லை, பாவம். அந்தப் பெண்ணோ, "தெரியலை. ஆயாவைக் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, கேள்வியைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அன்றைக்கு அந்த வகுப்பில் சொல்லப்பட்ட ஒரே விமரிசனம் அதுதான். மற்றதெல்லாம் உபசாரம்.

ஏன் என்று கேளுங்கள். அந்த மண்ணின் நவீன சரித்திரமே ஒரு கிணற்றில் ஆரம்பித்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டியபோது கரிய பொருள் ஒன்று மேலே வந்தது. 1956இல் கம்பெனி பிறந்தது; 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்; 1961இல் பழுப்பு நிலக்கரியைத் தொட்டார்கள். கரிக்குக் கீழே நிலத்தடி நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். இன்னொரு பக்கம், பயிருக்காக விவசாயிகளும் ஆழ்குழாய்க் கிணறுகளில் இறைக்கிறார்கள். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், வாய்க்கால் வெட்டுவதற்காக, நின்ற நெற்பயிரின் மீது இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. அந்தக் கரியில் பிறந்த மின்சாரத்தில்தான் நம் வீட்டு விளக்கும் எரிகிறது.

இப்படிப்பட்ட மண்ணில் ஒரு பெண் குழாயைக் காட்டிப் பேசினால் அது 'சோகமான சப்ஜெக்ட்' அல்ல, சாட்சியம். சாட்சியை நாம் குறுக்கு விசாரணை செய்யலாம். அழகாகப் பொய் சொல்லச் சொல்லலாமா? நான் சொன்ன அந்த ஒரு சொட்டுத் தண்ணீர் பொய்ச் சாட்சி. கடைசி பெஞ்சுப் பையன் அவள் கதையை மறுக்கவில்லை. அவளே இன்னும் கேட்டுக்கொள்ளாத கேள்வியை அவளுக்குக் கொடுத்தான். பழி யார் மேல் என்று முடிவு கட்டாமல் கேட்டான். இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு கதைக்குச் செய்ய முடியாது.

'குழந்தைகள் மனம் புண்படாதா?' என்று ஆட்சேபிப்பார்கள். நியாயமான பயம். கேலி செய்வதை நானும் விமரிசனம் என்று சொல்லவில்லை. குழந்தையைப் பாராட்டுங்கள், கதையைக் கேள்வி கேளுங்கள். இரண்டும் வேறு வேறு காரியங்கள். இது நமக்குப் புதிதுமல்ல. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில், ஐயம் அற விளக்கப்பட்டு அரங்கேறியது என்று பனம்பாரனார் பாயிரம் சொல்கிறது. அரங்கேற்றம் என்றால் மாலை மரியாதை என்று நாம்தான் பிற்பாடு அர்த்தம் மாற்றிக்கொண்டோம்.

சரி, இந்த 'டிஜிட்டல் கதை' என்ற சரக்கு எங்கிருந்து வந்தது? 1990களில் அமெரிக்காவில், கலிபோர்னியாவில், ஜோ லாம்பர்ட், டேனா ஆச்லி முதலியோர் வளர்த்த பயிற்சி அது. சாதாரண ஜனங்கள் தங்கள் வாழ்க்கையைத் தங்கள் குரலிலேயே சின்னப் படமாக்குவது. அவர்கள் கம்ப்யூட்டரை முதலில் திறக்கவில்லை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்பதுதான் அந்தப் பயிற்சியின் உயிர். நாமோ கருவியை இறக்குமதி செய்தோம். வட்டத்தை அங்கேயே விட்டுவிட்டோம். வட்டத்துக்குப் பதிலாகக் கோடம்பாக்கத்தின் 'ஒன் லைனை' வகுப்பில் கொண்டுவந்து வைத்தோம். பணம் போடுகிற முதலாளி அவசரத்தில் இருப்பார். அவரிடம் இரண்டு நிமிஷத்தில் கதையை விற்கத்தான் வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண் யாரிடம் எதை விற்க வேண்டும்? அந்தக் கோடம்பாக்கத்திலும், ஜெமினி ஸ்டூடியோவில், கதை இலாகா என்று ஒன்று வைத்து, உட்கார்ந்து யோசிப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்களே!

ஆசிரியர்களே, அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம். ஒரு கட்டம் சேர்த்தால் போதும். 'இந்தக் கதையில் உனக்கு என்ன தெரிய வேண்டும்?' என்று அதில் அச்சடியுங்கள். செல்போனைப் பிறகு கையில் கொடுக்கலாம்.

புறப்படும்போது அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நான் சொன்ன அந்தச் சொட்டுத் தண்ணீரை அடித்துவிடு, அம்மா" என்றேன்.

"அதை நான் எழுதிக்கவே இல்லையே, சார்" என்றாள்.