பாதியில் நிறுத்திய வரி

2013 மே 1 அன்று வெளியான 'சூது கவ்வும்' படத்துக்குத் தலைப்பு பாரதியின் 'பாஞ்சாலி சபத'த்தில் கிடைத்தது. பாரதி 'சூது கவ்வும்' என்பதோடு நிற்பதில்லை. தருமம் மறுபடி வெல்லும் என்று உடனே அடுத்த அடிக்குப் போய்விடுகிறான். இயக்குநர் நலன் குமரசாமி முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். படத்தை அண்மையில் மறுபடி பார்த்தபோது, அவர் விட்டுவிட்ட அந்த மறுபாதிதான் எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது.

நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரைவிட்டு விரட்டப்பட்ட பகலவன், ஐ.டி. வேலையைப் பறிகொடுத்த கேசவன், வேலையிழந்த சேகர், ஆள் கடத்திப் பிழைக்கும் நடுவயது தாஸ் ஆகியோர்தான் கதையின் நால்வர். வழக்கமான படத்தில் இப்படிப்பட்டவர்கள் நாயகனுக்குப் பக்கத்தில் நின்று தலையில் அடி வாங்குவார்கள். நாயகனாகவே வந்துவிட்டால் அம்மாவுக்கு ஆபரேஷன், தங்கைக்குக் கல்யாணம் என்று ஒரு காரணம் ஒட்டிக்கொள்ளும். நலன் இவர்களுக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சேகரின் காலைப்பொழுதைப் பாருங்கள். எழுந்து குளிக்கிறான், சாமி கும்பிடுகிறான், அதன்பிறகு உட்கார்ந்து குடிக்கத் தொடங்குகிறான். ஆபீசுக்குக் கிளம்புகிறவனின் பொறுப்பு, சேகராக நடிக்கும் ரமேஷ் திலக்கின் முகத்தில் அப்படியே இருக்கிறது. குடிகாரனைத் தள்ளாட விட்டுச் சிரிப்பு வாங்குவது நம் சினிமாவின் பழைய பழக்கம். இங்கே சிரிப்பு அவனுடைய ஒழுங்கிலிருந்து வருகிறது. உலகம் அவனை வெளியே தள்ளிவிட்டது, அவன் தன் நாளுக்கு வைத்திருக்கும் முறையை மட்டும் விடவில்லை.

தாஸுக்கும் முறை உண்டு. கடத்தலுக்கென்று விதிகள் வைத்திருக்கிறான். அதிகாரத்தில் இருப்பவர்கள் பக்கம் போகவே கூடாது என்பது அவற்றில் முக்கியமானது. அதை மீறி அமைச்சர் ஞானோதயத்தின் மகன் அருமைப்பிரகாசத்தைத் தூக்கும்போதுதான் எல்லாம் குலைகிறது. ஞானோதயமும் விதிகளோடு வாழ்பவர், லஞ்சம் தொடாதவர். கடத்தல்காரனும் நேர்மையான அமைச்சரும் எதிரெதிர் அணி என்று படம் தொடங்கும்போது நினைக்கிறோம். முடியும்போது இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள், தோற்றவர்களின் பக்கம். தன் கடத்தலுக்குத் தானே உடந்தையாகி அப்பாவிடம் பணம் பறிக்கப் பார்த்த மகனுக்குத்தான் தேர்தலில் நிற்க இடம் கிடைக்கிறது. எம்.எஸ். பாஸ்கர் ஞானோதயத்தைக் கோமாளியாக்காமல் நடித்ததால் அந்த முடிவு வலிக்கிறது.

படத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். பெண்களுக்கு இதில் இடமே இல்லை. கேசவனின் வேலை போவது ஒரு பெண்ணின் பொய்ப் புகாரால். நாயகி ஷாலு, தாஸின் கற்பனை. ஆண்களின் தோல்வியை இவ்வளவு பரிவோடு பார்த்த கண், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சி.வி. குமார் 2012இல் 'அட்டகத்தி'யும் 'பீட்சா'வும் தயாரித்து, அடுத்த ஆண்டே இதையும் தயாரித்தார். புதியவர்களை நம்பிப் பணம் போட்ட அந்தக் காலம் தமிழ் சினிமாவுக்குப் பெரிய கொடை. ஆனால் பின்னால் வந்த பல படங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டவை பணப்பை, துப்பாக்கி, நான்கு முட்டாள்கள், 'டார்க் காமெடி' என்ற பெயர் ஆகியவை மட்டுமே. அந்த நால்வர் யார் என்று கேட்கும் பொறுமை அவற்றுக்கு இல்லை.

இந்தப் படத்துக்கு அது இருந்தது; இதன் விபத்துக் காட்சியை நினைத்துக்கொள்கிறோம். வண்டி கவிழ்கிறது. ஷாலு செத்துவிட்டதாக தாஸ் உடைந்துபோகிறான். அவள் இருந்ததே இல்லை என்று நமக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். தாஸாக நடிக்கும் விஜய் சேதுபதியின் முகத்தில் இழவு வீட்டு ஆளின் துக்கம், ஒரு துளி குறையாமல்.